தவிட்டுக்கு வாங்கியவள்

ஜூலை 6, வியாழன்

"தேதி போட்டு எழுதி வையுங்கம்மா" என்று அந்த மேடம் சொல்லிவிட்டுப் போனார். பெயர் ரெஜினா. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வருகிறார், இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. "எப்ப கொழந்தையப் போய்ப் பாத்தீங்க, வீட்டுல என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க, எல்லாம் குழந்தைகள் நலக் குழுவுல கேப்பாங்க. நாள்வாரியா இருந்தா உங்களுக்குத்தான் நல்லது." உரக்கடையில் கொடுத்த டைரி அலமாரியில் ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. நான் பேனாவைப் பிடித்து நாலு வரி எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ. பார்ப்போம்.

நான் மரகதம். வயது நாற்பத்துமூன்று. உடுமலையில் மாவு மில் நடத்துகிறேன். வீட்டுக்காரர் சென்னியப்பன், காற்றாலைக் கம்பெனியில் வாட்ச்மேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எப்படியும் கேட்பார்கள் என்று நானே எழுதிவிட்டேன்.

என் தங்கை பரிமளா பல்லடத்தில் நூல் மில்லுக்குப் போகிறாள், ரெண்டாவது ஷிஃப்ட். அவள் புருஷன் திருச்சூருக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். பள்ளிவிட்டு வந்த மகளை உள்ளே விட்டு, சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு நாலு மணி ஷிஃப்டுக்கு ஓடுவாள். போன மாதம் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். எதிர் லைன் வீட்டுக்காரர் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் அடித்துவிட்டார். போலீஸ் வந்து பூட்டை உடைத்தபோது உடம்பு காய்ச்சலில் கொதித்ததாம். அன்றிலிருந்து மிருதுளா அரசாங்கம் சொன்ன இல்லத்தில் இருக்கிறாள். ஆறே முக்கால் வயது. அவளை என் பொறுப்பில் விடும்படி மனுக் கொடுத்திருக்கிறேன்.

போன் அடித்தவர் நல்லதுதான் செய்தார். ஆனாலும் அந்த ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்காமல் விட மாட்டேன்.

ஜூலை 7, வெள்ளி

விசேஷம் ஒன்றுமில்லை. மல்லி அரைத்தேன். நாள் முழுக்கத் தும்மல்.

ஜூலை 8, சனி

இல்லத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆடி பிறக்கும் முன்பே காற்று இப்படி. வழி நெடுக காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. கண் சொக்கி, விழித்து, மறுபடி சொக்கினால் அதே காற்றாலை அதே இடத்தில் நிற்கிறமாதிரி இருந்தது. பஸ் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

பேன் இருக்கிறது என்று மிருதுளாவின் முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சிரித்தாள். பிஸ்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்: "பெரிம்மா, ஊட்ல கரண்ட்டு வந்துருச்சா?"

"வந்துருச்சு சாமி. அப்பவே வந்துருச்சு."

"அப்பறம் ஏன் என்னையக் கூட்டிட்டுப் போல?"

பக்கத்தில் பரிமளா இருந்தாள், நூல் மில்லில் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல். குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டை மூன்றாகப் பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தாள்.

ஜூலை 11, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணிக்கு மில்லில் கூட்டம் இருக்காது. கோதுமையைக் கொட்டிவிட்டு, ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தால் போதும், அந்தச் சத்தமே தாலாட்டாகிவிடும். தகரக் கூரை ஓட்டை வழியாக வெயில் கோல் மாதிரி இறங்கும், அதில் மாவு மிதந்துகொண்டே இருக்கும், கீழே விழவே விழாது.

இன்று அந்த வெயிலுக்குள் மிருதுளா உட்கார்ந்திருந்தாள். மூட்டை மேல், காலை ஆட்டிக்கொண்டு, புருவமெல்லாம் மாவு. "பெரிம்மா, காத்தாடியெல்லாம் எப்பத் தூங்கும்?" என்று கேட்டாள். "காத்து தூங்கறப்பத் தூங்கும்" என்றேன். "காத்து எங்க படுத்துக்கும்?" என்றாள். அதற்குப் பதில் தெரியாமல் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ. "ஏனக்கா, மாவு கருகுது, என்ன யோசன?" என்று யாரோ தோளைத் தட்டினார்கள். பின்வீட்டு வேலாத்தாள். கோதுமை தீர்ந்து கல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. "தூங்கலயே" என்றேன் விறைப்பாக. அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சாயங்காலம் உள் அறைக்கு நீல பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. சின்னக் கட்டில் வந்தாயிற்று. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்து, ரெண்டாம் வகுப்பில் இடமும் கேட்டுவிட்டேன். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று அவர் எல்லா வகுப்பையும் சுற்றிக் காட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு வரை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

"கலியாண ஊடு கெட்டுது போ" என்றார் சென்னியப்பன். "ஏம்புள்ள, ஆறு மாசமோ ஒரு வருசமோன்னுதான அந்த மேடம் சொல்லுச்சு?"

"பெயிண்ட்டு ஆறு மாசத்துல உரிஞ்சா போயிரும்?" என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

ரெஜினா மேடம் வீட்டு விசாரணைக்கு வந்தார். கட்டில், கழிப்பறை, குடிதண்ணீர், மில்லில் பெல்ட்டுக்குத் தடுப்பு இருக்கிறதா என்பது வரை பார்த்தார். பெல்ட்டுக்கு உடனே கம்பிவலை போடச் சொன்னார். சரிதான்.

"பரிமளா முன்னாடியே உங்ககிட்ட உதவி கேட்டாங்களாம்மா?"

"ஒரு வார்த்த கேக்கலீங்க. கேட்டிருந்தா என்ற புள்ளய நான் உட்ருப்பனா?" என்றேன்.

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். உள்ளே புழுக்கம் தாளாது அவருக்கு, அதனாலாக இருக்கும்.

மேடம் நிமிர்ந்தார். "என்ற புள்ளன்னு சொல்றீங்களே?"

அப்புறம் எனக்கு என்ன வந்ததோ, வாய் நிற்கவில்லை. எல்லாம் சொன்னேன். மிருதுளாவுக்கு முன்னால் பரிமளாவுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவளும் கோழிக்குஞ்சு கணக்காகத்தான் பிறந்தாள். பதினாறாம் நாள் ஒரு முறம் நிறையத் தவிடு கொண்டுபோய்ப் பரிமளா முன்னால் வைத்தேன். அவள் தவிட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையை என் மடியில் போட்டாள். "எனக்கு வேண்டாம், நீயே வெச்சுக்க" என்று மூன்று தரம் சொன்னாள். "தவுட்டுக்கு வாங்கிட்டனுங்க மேடம். அன்னையிலிருந்து அவ என்ற புள்ள. பரிமளாவே ஊரறியச் சொல்லிக் குடுத்தா. வளக்கறதுதான் அவ, சொந்தம் நான்" என்றேன்.

மேடம் வேகவேகமாக எழுதிக்கொண்டார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று இன்னொரு டம்ளர் மோர் கொடுத்தேன். அவர் ஊர் கடற்கரைப் பக்கம். இந்த வழக்கம் அங்கே இல்லைபோல.

இன்று மனசு லேசாக இருந்தது. தரையில் நடந்த மாதிரியே இல்லை.

ஜூலை 17, திங்கள்

காலையில் மில்லைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பரிமளா வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, என்னன்னு சொன்ன நீ?"

"எதைச் சொல்ற?"

"ஸ்டேசன்ல கூப்பிட்டு உக்கார வெச்சு விசாரிக்கறாங்க. கொழந்தைய எப்ப வித்த, எத்தனைக்கு வித்த, வேற புள்ளைகளையும் இப்படித்தான் வித்தியாங்கறாங்க. செத்துப்போன ரெண்டையும் கேக்கறாங்கக்கா! அதுக நெசமாவே செத்துச்சான்னு கேக்கறாங்க!"

மில் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கையை நீட்டி நிறுத்தத் தோன்றவில்லை. அவள் வாய் அசைவது தெரிந்தது, குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

"அது வெறும் சாங்கியம், சடங்குடி, அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"சாங்கியம்னு நீ சொன்னயா? இல்ல, சொந்தம்னு சொன்னயா?"

நான் கோதுமையை அள்ளி மில்லில் கொட்டினேன். அவள் நின்றாள், பிறகு போய்விட்டாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்ன ஞாபகம். ரெண்டாவது ஷிஃப்டுக்குக் காலையில் என்ன நேரம்?

ஜூலை 18, செவ்வாய்

இந்தப் பக்கத்தைக் குழுவுக்குக் காட்டப் போவதில்லை.

எங்கள் குடும்பத்தில் தவிட்டுக்கு வாங்குவது இரண்டு பாதி. பிள்ளை பிழைக்கட்டும், எமன் இதை யாரும் வேண்டாத பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்று கொடுப்பது ஒரு பாதி. ஐந்து வயது தாண்டியதும் கோயிலில் வைத்துத் தாய் திரும்பக் கேட்பாள். வாங்கியவள் பிள்ளையை அவள் கையில் பிடித்துக் கொடுப்பாள். அது மறு பாதி. பரிமளா இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். ஒரு தரம் எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஒரு தரம் நாள் நன்றாக இல்லை என்றேன். போன தை மாதம் பொங்கலுக்கு வந்தபோது பூ, தேங்காய், பழமெல்லாம் வாங்கிக்கொண்டே வந்துவிட்டாள். நான் அன்றைக்கு வேண்டுமென்றே மிளகாய் அரைக்க ஒத்துக்கொண்டு மில்லைவிட்டு நகரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதை எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

ஜூலை 19, புதன்

காற்று, காற்று, காற்று. தகரம் நாள் முழுக்க அடித்துக்கொள்கிறது. நீல அறைக்குள் போய் அந்தச் சின்னக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தேன். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தூங்கிப்போனேன். சுவரெல்லாம் கரைந்து நீலமாக நான் எங்கேயோ மிதந்துகொண்டு போனேன். கரையில் பரிமளா நின்று கையாட்டினாள். அவளுக்கு ஆறு வயது. அவள் கை பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவளே நான்தானே. அவளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரில் இறங்காதே என்று கத்த நினைக்கிறேன், வாய் வரவில்லை.

விழித்தபோது சென்னியப்பன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "கால்ல போர்வையப் போடலாம்னு வந்தேன். பத்தல" என்றார். அப்புறம் கேட்டார்: "சித்திரையில பரிமளா போன் பண்ணினதை எப்பச் சொல்லப் போற?"

ஜூலை 20, வியாழன்

சரி, எழுதுகிறேன்.

சித்திரையில் பரிமளா போன் பண்ணினாள். "அக்கா, பள்ளிக்கூடம் தொறந்தா திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் மிருதுளாவை நீ வெச்சுக்கறயா? சனியும் ஞாயிறும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். பகல் ஷிஃப்ட்டு கெடைக்கற வரைக்கும்தான்" என்றாள். நான் சொன்னேன்: "வந்தா மொத்தமா வரட்டும். பாதி அங்க பாதி இங்கன்னா வேண்டாம்."

அவள், "சரிக்கா, நான் பூட்டிட்டுப் போய்க்கறேன்" என்றாள்.

பூட்டிவிட்டுப் போவாள் என்று எனக்குத் தெரியும். சண்டாளி நான், தெரிந்துதான் போனை வைத்தேன்.

ஜூலை 21, வெள்ளி

ரெஜினா மேடத்தின் அலுவலகத்துக்கே போனேன். "நான் சொன்னத அடிச்சிருங்க மேடம்" என்றேன். முடியாதாம். அறிக்கை போய்விட்டதாம். அந்தப் பெண்ணுக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "எனக்கு இந்த வழக்கம் தெரியாதும்மா. நீங்க சொன்னத அப்படியே எழுதினேன். செவ்வாய்க்கிழமை குழு உக்காருது. நீங்களே நேர்ல சொல்லுங்க."

"சொன்னா புள்ள எனக்கு வருமுங்களா?"

அவர் யோசித்தார். "பொய் சொன்னவங்கன்னு ஆயிரும். அப்பறம் உங்க பொறுப்புல விடறதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது."

"சொல்லாம உட்டா?"

"உங்க தங்கச்சி மேல வழக்கு வரலாம். கொழந்தை உங்ககிட்ட வந்தாலும் வரலாம்."

வந்தாலும் வரலாம். பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டு வார்த்தையும் கூடவே வந்தன. உடுமலையில் இறங்க மறந்து டிப்போ வரைக்கும் போய்விட்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

நீள மேஜை, அந்தப் பக்கம் நாலு பேர். நடுவில் தலைவரம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு காகிதம் புரட்டினார். பரிமளா சுவரோரம் நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ரெஜினா மேடம் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார்.

"மரகதம், குழந்தையை உங்க தங்கச்சி உங்களுக்கு வித்தாங்களா?"

அறைக்குள் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது. 'ஆமா' என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில்கூட எனக்கு ஒரு கனவு வந்தது. நீல அறை, ரெண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, பன்னிரண்டு வரைக்கும். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"இல்லீங்க. வித்ததுமில்ல, வாங்கினதுமில்ல. புள்ள பொழைக்கோணும்னு செய்யற சாங்கியமுங்க அது. திருப்பிக் குடுக்கறதும் உண்டுங்க. அவ கேட்டா, நான்தான் குடுக்காம இழுத்தடிச்சேன்."

"அப்ப விசாரணையில ஏன் சொந்தம்னு சொன்னீங்க?"

"ஆசைங்க" என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "அப்படிச் சொன்னா எனக்கே குடுத்துருவீங்கன்னு ஒரு ஆசை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் சித்திரை மாதத்துப் போனையும் சொன்னேன். பரிமளா கேட்டதை, நான் மறுத்ததை, பூட்டிவிட்டுப் போவாள் என்று தெரிந்தே போனை வைத்ததை. "பூட்டினது அவ கை. பூட்ட வெச்சது நானுங்க" என்றேன். சொல்லச் சொல்ல நெஞ்சில் இத்தனை நாள் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டை இறங்குகிற மாதிரி இருந்தது. பரிமளா அழுகிற சத்தம் கேட்டது.

தலைவரம்மா கண்ணாடியை இறக்கி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "இப்படியெல்லாம் சொல்லிட்டு, இன்னும் குழந்தையைக் கேக்கறீங்களா?"

"கேக்கறனுங்க. இவளுக்குப் பகல் ஷிஃப்ட்டு கெடைக்கற வரைக்கும். அந்த இல்லத்துல அவ இருட்டுக்குப் பயந்து லைட்டுக்கடியிலயே கெடக்கறத விட, என்ற ஊட்ல இருக்கட்டுமுங்க. அப்பறம் இவ கூட்டிட்டுப் போயிரட்டும்."

பரிமளாவிடம் கேட்டார்கள். அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "அக்காகிட்டயே இருக்கட்டுங்க. அவ வாயிதான் அப்படி. புள்ளைக்கு ஒண்ணும் கொற வெக்க மாட்டா" என்றாள். என்னைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்கள். என் கையாலேயே எழுதச் சொன்னார்கள். "மிருதுளா என் தங்கை பரிமளாவின் மகள். அவள் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை." இரண்டே வரி. இந்த டைரி முழுக்க எழுதியதைவிட அதுதான் அதிக நேரம் பிடித்தது. முடிவை ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பரிமளா எனக்கும் சேர்த்து டீ வாங்கினாள். டம்ளரைக் கையில் கொடுக்காமல் பக்கத்துத் திண்டில் வைத்தாள்.

ஜூலை 29, சனி

தகவல் இல்லை. கம்பு அரைத்தேன். நீல அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, புதன்

ரெஜினா மேடம் போன். பரிமளா மேல் வழக்கு இல்லை. மிருதுளா ஆறு மாதத்துக்கு என் பொறுப்பில். ஞாயிறுதோறும் அம்மா வந்து பார்க்கலாம். பகல் ஷிஃப்டும் ஒழுங்கான வீடும் ஆனதும் அம்மாவிடமே திரும்பிப் போவாள். மாதம் ஒரு முறை மேடம் வந்து பார்ப்பார்.

"ஆறு மாசம்" என்றேன் சென்னியப்பனிடம்.

"பெயிண்ட்டு உரியாது" என்றார். போக்கிரி மனுஷன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வந்துவிட்டாள். ஒரே ஒரு துணிப்பை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றாலைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். முப்பதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்ததும் எல்லா அறையிலும் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தாள். கதவுத் தாழ்ப்பாளையும் நீக்கிப் பார்த்தாள். உள்பக்கம்தான் தாழ்ப்பாள் என்று காட்டினேன். பரிமளாவுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். என்ன பேசினார்களோ, நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

மத்தியானம் சோறுண்டுவிட்டு அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். ஜன்னலில் காற்று, திரை உப்பி உப்பி அடங்கியது. அவள் மூச்சும் அதுமாதிரியே ஏறி இறங்கியது. எனக்கும் கண் செருகி, பாதித் தூக்கத்தில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன்.

"அம்மா" என்றாள்.

கண்ணைத் திறக்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கை என் கழுத்தின் மேல் கிடந்தது. "ம்" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். தூக்கத்தில் சொன்னது என்று நாளைக்கு மறந்துவிடுவாள். ஒருத்தருக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது, பரிமளாவுக்கும் தெரியாது. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை கோயில் படி ஏறி இறங்கியிருக்கிறேன்.

"பெரிம்மா, கண்ணு" என்றேன். "அம்மா நாளைக்கு வருவா."

அவள் தூங்கவே இல்லை. முழுக் கண்ணையும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் பெரிம்மா. சும்மா கூப்புட்டுப் பாத்தேன்."

"எதுக்கு சாமி?"

"அந்த இல்லத்துல ஒரு அக்கா சொன்னா, வேற ஊட்டுக்குப் போனா அங்க இருக்கறவங்களத்தான் அம்மான்னு கூப்படணுமாம். இல்லாட்டித் திருப்பி அனுப்பிருவாங்களாம்." என் புடவைத் தலைப்பைத் திருகினாள். "அப்ப எங்கம்மாதான் எனக்கு அம்மாவா?"

"ஆமா. உங்கம்மாதான்."

"நான் இங்கயும் இருக்கலாமா?"

"இருக்கலாம். ரெண்டும்."

பெரிய மூச்சு ஒன்று விட்டாள். ஒரு குழந்தை அப்படி மூச்சு விட்டு நான் கேட்டதில்லை. பிறகு நிஜமாகவே தூங்கிப்போனாள், இங்கே வந்த பிறகு முதல் தடவையாக, வாயைத் திறந்துகொண்டு. நான் சத்தம் வராமல் அழுதேன். நாலு மணிக்கு வாசலில் வேலாத்தாள் கோதுமைத் தூக்கோடு நின்றாள். பிள்ளை தூங்குகிறாள், இன்றைக்கு மில் ஓடாது, நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.